அளவில்லா இன்டர்நெட்டுக்கும் அளவு உண்டு



தராசு இல்லாமல் கடை நடத்த முடியாதது போல, இன்று இன்டர்நெட் இல்லாமலும் நடத்த முடிவதில்லை. பில் போடுவது, ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்வது, லாரிக்கு ஈ-வே பில் எடுப்பது, கண்காணிப்புக் கேமரா எல்லாமே அதை நம்பித்தான் இருக்கின்றன. அரூர் கடைவீதியில் கீழே கடையும் மேலே வீடுமாக இருப்போர் பலர். ஒரே ஒரு 'அன்லிமிடெட்' வீட்டு இணைப்பை வாங்கி இரண்டுக்கும் பயன்படுத்துவதும் உண்டு. அப்படிப்பட்டவர்கள் அறிந்திருக்க வேண்டியது 'நியாயமான பயன்பாட்டுக் கொள்கை' என்பது. சுருக்கமாக எஃப்.யூ.பி. என்பார்கள்.

ஓட்டலில் அளவுச் சாப்பாடு, முழுச் சாப்பாடு என்று இரண்டு உண்டு. முழுச் சாப்பாடு என்றால் வயிறு நிறையச் சாப்பிடலாம். ஆனால் ஒரு டோக்கன் வாங்கிக்கொண்டு ஒரே இலையில் நான்கு பேர் உட்கார முடியாது. முதலாளி ஒரு ஆள் எவ்வளவு சாப்பிடுவார் என்று கணக்குப் போட்டுத்தான் விலை வைத்திருக்கிறார். அன்லிமிடெட் இன்டர்நெட்டும் இதே கணக்குதான். ஒரு வீடு மாதத்தில் இவ்வளவுதான் செலவழிக்கும் என்று ஓர் எல்லை வைக்கிறார்கள். அந்த எல்லையைத் தாண்டினால் இணைப்பைத் துண்டிப்பதில்லை, கூடுதல் பணமும் கேட்பதில்லை. வேகத்தை மட்டும் குறைத்துவிடுகிறார்கள்.

உதாரணமாக, பி.எஸ்.என்.எல். நிறுவனம் 2020 அக்டோபரில் 449 ரூபாய்க்கு ஒரு பாரத் ஃபைபர் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் 3,300 ஜி.பி. வரை 30 எம்.பி.பி.எஸ். வேகம். அதற்குமேல் 2 எம்.பி.பி.எஸ். மட்டுமே. ஜியோ, ஏர்டெல் நிறுவனங்களின் வீட்டுத் திட்டங்களிலும் இதே 3,300 ஜி.பி. எல்லை வழக்கத்துக்கு வந்தது. விலையும் அளவும் மாறிக்கொண்டே இருப்பவை. ஆகவே வாங்கும் நாளில் விசாரித்துக்கொள்வது நல்லது.

நிறுவனங்கள் ஏன் எல்லை வைக்கின்றன? ஃபைபர் இணைப்பில் ஓர் இழையை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது வழக்கம். பரவலாக உள்ள ஜிபான் முறையில் அந்த இழை முழுவதற்கும் கிடைப்பது சுமார் 2,500 எம்.பி.பி.எஸ். 32 வீட்டுக்கும் தலா 100 வீதம் விற்றால் கணக்கு 3,200 ஆகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் இழுக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் வியாபாரம் நடக்கிறது. ஓரிருவர் இரவு பகலாக இழுத்தால் மற்றவர்கள் பாதிக்கப்படுவார்கள். அந்த அளவில் எல்லை வைப்பதில் நியாயம் இருக்கிறது.

சாதாரணக் குடும்பத்துக்கு 3,300 ஜி.பி. தாராளம். ஒரு நாளைக்கு 110 ஜி.பி. வருகிறது. தெளிவான படம் ஒரு மணி நேரம் பார்த்தால் சுமார் 3 ஜி.பி. செலவாகும். வீட்டில் இரண்டு டி.வி. தினமும் ஐந்து மணி நேரம் ஓடினாலும் 30 ஜி.பி.தான். பில், ஜி.எஸ்.டி., யு.பி.ஐ. ஆகியவற்றின் செலவு கணக்கில் எடுக்க வேண்டாத அளவு சொற்பம்.

நம்மைப் போன்ற வணிகர்களுக்கு வினையாக வருவது கேமரா. படத்தை அப்போதைக்கப்போது இன்டர்நெட் வழியாக வெளியே அனுப்பிச் சேமிக்கும் கேமரா ஒன்று 2 எம்.பி.பி.எஸ். வேகத்தில் ஓடினால், நாளொன்றுக்கு 21.6 ஜி.பி. ஆகிறது. நாம் அனுப்புவதும் பெறுவதும் சேர்த்தே கணக்கிடும் திட்டங்களில் இது முழுவதும் நம் கணக்கில் ஏறும். எட்டுக் கேமரா வைத்த மண்டிக்கு 173 ஜி.பி. அதோடு வீட்டு டி.வி.க்கு 30. மொத்தம் 203 ஜி.பி. ஆக, 17ஆம் நாளிலேயே 3,300 தீர்ந்துவிடும். பிறகு கிடைக்கும் 2 எம்.பி.பி.எஸ்.ஸை ஒரே ஒரு கேமராவே விழுங்கிவிடும். பில் கம்ப்யூட்டர் திணறும். மாதாமாதம் ஜி.எஸ்.டி.ஆர்.-3பி தாக்கல் செய்பவர்களுக்கு 20ஆம் தேதி கெடு. வரி இருந்து தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய் கட்டணமும், வரிக்கு 18 சதவீத வட்டியும் சேரும்.

நாம் பருப்பைப் பொட்டலம் போட்டால் நிகர எடையை அச்சிட வேண்டும் என்பது சட்டம். இன்டர்நெட் விற்பவர்களுக்கும் அப்படி ஒரு கட்டுப்பாடு உண்டு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், எல்லை எவ்வளவு, எல்லைவரை என்ன வேகம், எல்லைக்குப் பின் என்ன வேகம் என்பதை விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும் என 2012இல் உத்தரவிட்டது. எல்லைக்குப் பிறகும் 256 கே.பி.பி.எஸ்.ஸுக்குக் கீழே போகக்கூடாது என்றும் அப்போது விதித்தது. 2016இல் அது 512 ஆக உயர்த்தப்பட்டது. பாதி அளவு தீர்ந்ததும், 90 சதவீதம் தீர்ந்ததும் வாடிக்கையாளருக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்பதும் விதி.

எனவே, வணிகர்கள் செய்ய வேண்டியவை இவை. இணைப்பு வாங்கும்போது மேற்சொன்ன மூன்று எண்களையும் கேட்டுக் குறித்து வையுங்கள். கணக்கு எந்தத் தேதியில் புதிதாகத் தொடங்குகிறது என்றும் கேளுங்கள். நிறுவனத்தின் செயலியில் வாரம் ஒருமுறை செலவைப் பாருங்கள். கேமராப் பதிவைக் கடையிலேயே உள்ள பெட்டியில் சேமிக்கச் செய்தால், வெளியிலிருந்து பார்க்கும் நேரத்துக்கு மட்டுமே இன்டர்நெட் செலவாகும். வீட்டுத் திட்டத்தைத் தொழிலுக்குப் பயன்படுத்தக்கூடாது என்று பல நிறுவனங்கள் நிபந்தனை வைத்துள்ளன. ஆகவே வசதி உள்ளவர்கள் கடைக்கென்று தனி இணைப்பு வைத்துக்கொள்வதே உத்தமம்.

எல்லைக்கு முன்பே வேகம் குறைந்தால் நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிவுசெய்து புகார் எண்ணைப் பெறுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். டிராய் தனிநபர் புகார்களை நேரடியாக விசாரிப்பதில்லை என்பதையும் கவனத்தில் கொள்ளவும்.

மூட்டையை எடை போட்டுப் பார்த்து வாங்குவது நம் தொழிலின் முதல் பாடம். இன்டர்நெட்டையும் அவ்வாறே பார்த்து வாங்குமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.