கல்வராயன் மலைச் செடியை வீட்டில் வளர்க்கலாமா?

வெள்ளிமலைக்குச் சுற்றுலா போய்த் திரும்பும்போது, ‘இது நம்ம ஊர்ல கிடைக்காதே’ என்று வழியோரக் கொடியை வேரோடு பிடுங்கி வண்டியில் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. கள்ளக்குறிச்சி வந்து சேர்வதற்குள் அது வாடிவிடும். மலையிலும் ஒரு கொடி குறைந்துவிடும். காப்புக்காட்டில் செடியைப் பிடுங்குவது, 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றமும்கூட.

மாகாளிக்கிழங்கையே எடுத்துக்கொள்வோம். மோரில் ஊறிய அந்த ஊறுகாயின் வாசனை தெரியாத பழைய வீடுகள் குறைவு. தென்னிந்திய மலைகளுக்கே உரிய கொடி இது. பாறை இடுக்கில் வேர்விடும். நமக்குத் தேவைப்படுவது அந்த வேர்தான் என்பதால், தோண்டினால் கொடியே போச்சு. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழியும் ஆபத்தில் உள்ள தாவரமாக வகைப்படுத்தியிருக்கிறது. சிறு வனப்பொருள்களைச் சேகரிக்க மலையில் வாழும் பழங்குடியினருக்கு 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் உரிமை தருகிறது. சுற்றுலா வருகிறவர்களுக்கு அந்த உரிமை இல்லை.

அப்போ எப்படித்தான் வளர்ப்பது?

விதையிலிருந்து, அல்லது நாற்றங்காலில் வளர்த்த கன்றிலிருந்து. வாங்கும்போது, ‘இது விதையில வந்ததா, காட்டுல எடுத்ததா?’ என்று தயங்காமல் கேளுங்கள். மாகாளி விதையைப் பஞ்சோடு காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். கிடைத்தால் நாள் கடத்தாமல் விதையுங்கள். தண்ணீர் தேங்காத மண்ணும் படர ஒரு பந்தலும் வேண்டும். ஊறுகாய் போட அவசரப்படக் கூடாது, அவ்வளவுதான்.

இடம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் என் தேர்வு பெருமருந்துக்கொடி. ஈஸ்வரமூலி என்றும் சொல்வார்கள். சிவப்பு உடலும் கறுப்பு இறகில் சிவப்புப் புள்ளிகளும் கொண்ட கிரிம்சன் ரோஸ் பட்டாம்பூச்சி இந்த வகைக் கொடிகளில்தான் முட்டையிடும். இலையிலுள்ள நஞ்சைப் புழு தன் உடலில் சேர்த்துக்கொள்வதால், வளர்ந்த பூச்சியையும் பறவைகள் தொடுவதில்லை. வேடிக்கை என்னவென்றால், நம் வீட்டுக் கறிவேப்பிலையில் வளரும் காமன் மார்மன் இனத்தில் சில பெண் பூச்சிகள் இதே வேஷம் போட்டுத்தான் தப்பிக்கின்றன.

அந்த நஞ்சு மனிதர்களின் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பெயரில் ‘மருந்து’ இருக்கிறதே என்று கஷாயம் வைத்துவிடாதீர்கள்; குழந்தைகளுக்கும் ஆடு மாடுகளுக்கும் எட்டாத இடத்தில் படரவிடுங்கள்.

முட்டை பொரித்ததும் புழுக்கள் இலைகளை மொட்டையடித்துவிடும். பதறிப்போய் மருந்து அடிக்க வேண்டாம். வேர் உயிரோடு இருந்தால் கொடி மறுபடி துளிர்க்கும்.