வடிநீரில் உறையும் ஆற்றல்

கொதிக்கும் பாலில் எலுமிச்சைச் சாறு விழுந்தால் பால் திரிகிறது. திரண்டதைத் துணியில் வடிகட்டிப் பனீராக்கிக்கொள்கிறோம். கீழே இறங்கும் பசுமஞ்சள் நிற வடிநீரை அங்கணத்தில் ஊற்றிவிடுகிறோம். வீட்டில் அது ஒரு குவளை அளவே. பாலாடைக்கட்டி செய்யும் ஆலையிலோ ஒரு கிலோ கட்டிக்கு ஏறத்தாழ ஒன்பது லிட்டர் வடிநீர் வெளியேறுகிறது.

அவ்வடிநீரில் நஞ்சு எதுவும் இல்லை. ஏறக்குறைய 93 விழுக்காடு நீர். எஞ்சியதில் பெரும்பகுதி லாக்டோஸ் எனப்படும் பால் சர்க்கரை. சிறிதளவு புரதமும் உப்புகளும் உண்டு. குழந்தைக்கு உணவாகும் இப்பொருள்கள் ஆற்றில் கலந்தால் மீன்கள் மாண்டு மிதப்பது ஏன்? ஆற்றுநீரில் வாழும் பாக்டீரியாக்களுக்கு இச்சர்க்கரை பெருவிருந்து. அவை உண்டு பெருகும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைச் செலவிடுகின்றன. ஒரு லிட்டர் வடிநீரைச் சிதைக்க 30,000 மில்லிகிராம் அளவிலோ அதற்கு மேலோ ஆக்சிஜன் தேவைப்படுகிறது. ஒரு லிட்டர் ஆற்றுநீரில் கரைந்திருப்பதோ ஏறத்தாழ 8 மில்லிகிராம். வகுத்துப் பாருங்கள், ஒரு லிட்டர் வடிநீர் எத்தனை ஆயிரம் லிட்டர் ஆற்றுநீரை மூச்சற்றதாக்கும் என்பது விளங்கும்.

இதே விருந்தைக் காற்றுப் புகாத கலனுக்குள் நடத்தினால் விளைவு மாறுகிறது. ஆக்சிஜன் இன்றிப் பாக்டீரியாவால் சர்க்கரையை முற்றிலும் எரிக்க இயலாது. பாதி வழியிலேயே நிறுத்தி, ஆற்றல் மிகுந்த சேர்மங்களை அது வெளியே தள்ளுகிறது. இதுவே நொதித்தல்.

எந்த நுண்ணுயிரியைத் தேர்கிறோம் என்பதில்தான் எல்லாம் அடங்கியுள்ளது. ரொட்டிமாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட்டிடம் பால் சர்க்கரையைப் பிளக்கும் நொதி இல்லை. அயர்லாந்தின் கார்க் பகுதியிலுள்ள கார்பெரி ஆலை, அச்சர்க்கரையை உண்ணவல்ல வேறுவகை ஈஸ்ட்டைக் கொண்டு 1978 முதல் வடிநீரிலிருந்து எத்தனால் எடுத்துவருகிறது. தயிரை உறையச் செய்யும் இனத்தைச் சேர்ந்த பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தைத் தருகின்றன; அதிலிருந்து, உரிய வெப்பத்தில் மட்கும் நெகிழி செய்யப்படுகிறது.

கிளாஸ்டிரிடியம் அசிட்டோபியூட்டிலிக்கம் என்னும் பாக்டீரியாவின் கதை சுவையானது. முதல் உலகப்போரின்போது இங்கிலாந்தில் வேதியியலறிஞர் கைம் வைஸ்மன், வெடிமருந்துக்கு வேண்டிய அசிட்டோனை இதன் துணையால் மக்காச்சோளத்திலிருந்து பெறும் முறையை உருவாக்கினார். உடன் இருமடங்கு உண்டான பியூட்டனால் அப்போது வேண்டாப் பொருளாக இருந்தது. போருக்குப் பின் மோட்டார் வண்டிகளின் மேற்பூச்சுத் தொழிலில் அதற்கே தேவை மிகுந்தது. கழிவு என்னும் பெயர்தான் எவ்வளவு நிலையற்றது! அதே பாக்டீரியா பால் சர்க்கரையையும் உண்டு, பெட்ரோலுடன் கலக்கத்தக்க பியூட்டனாலைத் தருகிறது.

ஆயினும் இடர் உண்டு. லிட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம் அளவில் பியூட்டனால் சேர்ந்ததுமே, அதை உண்டாக்கிய பாக்டீரியாவே நலிகிறது. அத்தனை நீரிலிருந்து அச்சிறிதளவைக் காய்ச்சி வடிக்க வெப்பம் மிகுதியாகச் செலவாகிறது. எரிபொருள் பெற எரிபொருளையே எரிப்பது பேரிழப்பாகிவிடும். 

சிறிய பாலாலைகளுக்கு மீத்தேனே உகந்தது எனலாம். அது வாயுவாகத் தானே மேலெழுந்து பிரிந்துவிடும், காய்ச்ச வேண்டியதில்லை. ஆனால் சர்க்கரை மிகுந்த வடிநீர் விரைந்து புளித்துவிடுவதால், மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிரிகள் செயலிழக்கும். அப்புளிப்பைத் தணிக்கச் சாணக் கரைசலைக் கலக்கின்றனர். பாலைத் தந்த மாட்டின் சாணமே அதற்குப் போதும்.