ஹோம்ஸ்டேயில் எரிந்த பச்சை லைட்: கேஸ் டிடெக்டரும் கார்பன் மோனாக்சைடும்

இன்னைக்கு கோடிங் கிடையாது, அப்ரைசல் புலம்பல் கிடையாது. போன டிசம்பரில் நாங்கள் ஐந்து பேர் கொடைக்கானல் போன கதை. அதில் ஒருத்தன் பாத்ரூமில் மயங்கி விழுந்தான். அவன் பேரைச் சொல்லக் கூடாது என்பது கண்டிஷன், அதனால் மாப்ள என்றே வைத்துக்கொள்வோம். பக்கத்தில் உட்கார்ந்துதான் கேட்டுக்கிட்டிருக்கான், நல்லா இருக்கான்.

வீட்டை புக் பண்ணினது நான். லிஸ்டிங்கில் 'கேஸ் டிடெக்டர் உண்டு' என்று போட்டிருந்தது. அதைப் பார்த்து, "பரவால்லடா, சேஃப்டி எல்லாம் பார்க்குறாங்க" என்று க்ரூப்பில் பெருமையாக மெசேஜ் போட்டதும் நான்தான். போய்ப் பார்த்தால் நிஜமாகவே இருந்தது. கிச்சன் கதவுக்கு மேலே வெள்ளை டப்பா, பச்சை லைட். திருப்தி.

அடுத்த நாள் காலை மாப்ள குளிக்கப் போனான். பாத்ரூமுக்குள்ளேயே கேஸ் கீசர். குளிர் வராமலிருக்க வென்டிலேட்டரில் தெர்மோகோல் வைத்து அடைத்திருந்தார்கள். இருபது நிமிஷம் ஆச்சு. தண்ணி சத்தம் கேட்குது, கூப்பிட்டா பதில் இல்லை. தாழ்ப்பாளை உடைத்து உள்ளே போனோம். சுவரோரமாக உட்கார்ந்த நிலையில் சரிந்து கிடந்தான்.

வெளியே தூக்கி வந்து போட்டதும் கொஞ்ச நேரத்தில் கண் திறந்தான். தலை வெடிக்குதுன்னான், வாந்தி எடுத்தான். இங்கேதான் நான் பண்ணின பெரிய தப்பு. கோவிட் காலத்தில் வாங்கின ஆக்ஸிமீட்டர் என் பையில் இருந்தது. விரலில் மாட்டினேன். 98. "ஆக்சிஜன் நார்மல்டா, குளிர்ல வந்த மயக்கம், படுக்க வைங்க" என்று டாக்டர் மாதிரி தீர்ப்பு சொன்னேன். சமையல் பண்ணிக்கொண்டிருந்த அக்காதான் விடவில்லை. "தம்பி, அந்த மிஷினை நம்பாதீங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "கேஸ் கீசரா?" சாயங்காலம் வரை மாஸ்க் வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள்.

98 எப்படி வந்தது? ஆக்ஸிமீட்டர் ரத்தத்தின் நிறத்தைத்தான் பார்க்கிறது. ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் ஒட்டினாலும் சிவப்பு, கார்பன் மோனாக்சைடு ஒட்டினாலும் ஏறக்குறைய அதே சிவப்பு. சாதாரண ஆக்ஸிமீட்டருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆக்சிஜனைவிட கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினை 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடிக்கும். சீட்டில் வேற ஆள் உட்கார்ந்திருக்கார், கண்டக்டர் 'பஸ் ஃபுல்' என்று ரிப்போர்ட் பண்றார். வெறும் காற்றைச் சுவாசித்தால் அது பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகும். சுத்தமான ஆக்சிஜன் கொடுத்தால் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதனால்தான் அந்த மாஸ்க்.

சரி, பச்சை லைட் எரிந்துகொண்டிருந்ததே, அந்த டப்பா ஏன் கத்தவில்லை? கேர்டேக்கர் அண்ணனும் அதையேதான் கேட்டார்: "டிடெக்டர் எல்லாம் மாட்டியிருக்கோமே தம்பி?" மாட்டியிருந்தார்கள். அது நன்றாக வேலையும் செய்தது. ஆனால் அது தேடியது எரியாத கேஸை. மாப்ளயை விழுத்தாட்டியது எரிந்த கேஸ்.

எல்பிஜி லீக் ஆனால் ஆபத்து தீ. அதில் வாசனைக்காக மெர்கேப்டன் கலந்திருப்பதால் மூக்கே முதலில் சொல்லிவிடும். கார்பன் மோனாக்சைடு அப்படியில்லை. நிறமில்லை, வாசனையில்லை, கண்ணெரிச்சல்கூட இல்லை. அடுப்பு, கீசர், கரி, ஜெனரேட்டர், எது எரிந்தாலும் காற்று பத்தாமல் போனால் அது உருவாகும்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு கிலோ எல்பிஜி முழுசாக எரிய 15 கிலோவுக்கு மேல் காற்று வேண்டும், அதாவது சுமார் 13 கன மீட்டர். அந்த பாத்ரூம் 5க்கு 7 அடி, உயரம் 8 அடி. மொத்தமே 8 கன மீட்டர்தான். கீசர் முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக எரிக்கும். வென்டிலேட்டரை அடைத்துவிட்டால் உள்ளே இருக்கும் காற்றை கீசரும் மாப்ளயும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆக்சிஜன் முழுசாகத் தீர வேண்டியதே இல்லை, கொஞ்சம் குறைந்தாலே தீ சரியாக எரியாமல் விஷத்தைக் கக்க ஆரம்பித்துவிடும். கீசர் பாத்ரூமுக்கு வெளியே இருக்கணும், சூடான தண்ணி மட்டும்தான் உள்ளே வரணும் என்று சொல்வது இதனால்தான்.

இது நம்ம ஊர் பிரச்சினை மட்டுமில்லை. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்ற ஊரில், குளிருக்காக ஜன்னலை எல்லாம் மூடி கேஸ் ஹீட்டர் வைத்துத் தூங்கிய கேரள சுற்றுலாப் பயணிகள் 8 பேர் இறந்தார்கள், அதில் 4 பேர் குழந்தைகள். 2022 அக்டோபரில் மெக்ஸிகோ சிட்டியில் வாடகைக்கு எடுத்த வீட்டில் 3 அமெரிக்கர்கள் இறந்தார்கள். பார்பிக்யூ முடிந்ததும், "கங்கு சும்மா கிடக்குதே, ரூமுக்குள்ள வச்சா கதகதப்பா இருக்கும்" என்று தோன்றும் பாருங்க, அதுவும் இதே வகைதான். புகை நின்ற கரியிலிருந்துகூட கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும்.

இப்போ டிடெக்டருக்கு வருவோம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டில் ஆர்டுயினோவோடு எம்க்யூ-2 சென்சார் மாட்டி 'ஸ்மார்ட் கிச்சன்' என்று காட்டினவங்க கையைத் தூக்குங்க. நானும்தான். விலை குறைந்த எல்பிஜி டிடெக்டர்கள் பெரும்பாலும் அந்தக் குடும்பம். சூடான டின் ஆக்சைடு மேல் கேஸ் பட்டால் மின்தடை குறையும், அலாரம் அடிக்கும். நல்ல கார்பன் மோனாக்சைடு அலாரத்தில் இருப்பது வேறு, எலக்ட்ரோகெமிக்கல் செல். கேஸ் எலக்ட்ரோடில் பட்டு சின்ன மின்னோட்டம் உண்டாகும், அதை அளந்து பிபிஎம் கணக்கு சொல்லும். ஸ்மோக் அலாரம் மூன்றாவது ரகம், அதுக்கு இந்த இரண்டுமே தெரியாது. டப்பா மூன்றும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதுதான் சிக்கல்.

இன்னொரு விஷயம், இந்த அலாரம் உடனே அடிக்காது. ஐரோப்பிய தரமான இஎன் 50291 படி 50 பிபிஎம் இருந்தால் 60 முதல் 90 நிமிஷத்துக்குள், 100 பிபிஎம்முக்கு 10 முதல் 40 நிமிஷத்துக்குள், 300 பிபிஎம்முக்கு 3 நிமிஷத்துக்குள் அடிக்க வேண்டும். எவ்வளவு கேஸ் என்பதோடு எவ்வளவு நேரம் என்பதும் சேர்த்துத்தான் உடம்பு கெடுகிறது, அதனால் அலாரமும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறது. டெஸ்ட் பட்டனை அமுக்கி சத்தம் வந்தால் சென்சார் ஓகே என்று அர்த்தமில்லை. பேட்டரி, சைரன், சர்க்யூட் ஓகே, அவ்வளவுதான். சென்சாருக்கு ஆயுசு 5 முதல் 10 வருஷம், பின்பக்கம் தேதி போட்டிருக்கும். ரூமுக்குள் போனதும் நான் இப்போ முதலில் பார்ப்பது அந்தத் தேதியைத்தான். வைஃபை பாஸ்வேர்ட் அப்புறம்தான்.

எங்கே மாட்டணும்? எல்பிஜி காற்றைவிட கனம், தரையில் படியும், அதனால் டிடெக்டர் தரையிலிருந்து ஒரு அடிக்குள் இருக்கணும். குழாயில் வரும் இயற்கை எரிவாயு லேசு, மேலே போகும், அதுக்கு கூரைப் பக்கம். கார்பன் மோனாக்சைடு கிட்டத்தட்ட காற்றின் எடைதான், எங்கும் கலந்துவிடும். அந்த அலாரத்தை பெட்ரூமில், தூங்கும்போது தலை இருக்கும் உயரத்தில் வைத்தால் போதும். பேட்டரியில் ஓடுவது ஒன்று வாங்கி பையில் போட்டிருக்கிறேன். டூத்பிரஷ் மறந்தாலும் அதை மறப்பதில்லை.

அடித்தால் என்ன செய்வது என்பதும் இரண்டுக்கும் வேற வேற. கார்பன் மோனாக்சைடு அலாரம் என்றால் எல்லாரும் வெளியே, தலையை எண்ணுங்க, 108க்குக் கூப்பிடுங்க. "ஒரே நேரத்துல எல்லாருக்கும் தலைவலி" என்றால் அலாரமே இல்லாவிட்டாலும் இதே கதை. எல்பிஜி லீக் என்றால் எந்த ஸ்விட்சையும் தொடாதீங்க. போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது, எக்ஸாஸ்ட் ஃபேனும் அப்படித்தான். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906க்கு போன்.

அந்த வீட்டு ஓனருக்கு இதையெல்லாம் நீளமாக எழுதி அனுப்பினேன். சண்டை போடுவார் என்று நினைத்தேன். பத்து நாள் கழித்து போட்டோ வந்தது. கீசர் வெளிச்சுவருக்குப் போயிருக்கிறது, தெர்மோகோல் காணோம். பெட்ரூமில் புது கார்பன் மோனாக்சைடு அலாரம். போட்டோவின் ஓரத்தில் கிச்சனும் தெரிகிறது. எல்பிஜி டிடெக்டர் இன்னும் கதவுக்கு மேலேதான், அதே பச்சை லைட்டோடு. அதைக் கீழே இறக்கச் சொல்லி இன்னொரு மெசேஜ் போட்டிருக்கேன். டபுள் டிக் வந்துடுச்சு, ப்ளூ இன்னும் ஆகலை.