பலகையும் பகடையும் – 9
கிழிந்த ஏட்டில் ஒரு பிட்டு

1974இல் கரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் ‘டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ கொண்டுவந்ததையும், அது மேசையை விட்டுக் கணினிக்குள் குடிபோனதையும் சென்ற கிழமை பார்த்தோம். இந்தக் கிழமை எதிர்வழி. கணினியில் பிறந்த ஒரு விளையாட்டை நாலு பேர் சுற்றியிருந்து ஆடும் பாத்திர விளையாட்டாக மாற்றுவது எப்படி? கதிரவெளியில் என் பெரியம்மா வீட்டு விறாந்தையில் அதைச் செய்து பார்த்தோம். மேசை இல்லை, பாய்தான்.

மட்டக்களப்பிலிருந்து போனால் பனிச்சங்கேணிப் பாலம் தாண்டி, வாகரையும் தாண்டி, வெருகலுக்கு முன்னால் வருகிற ஊர் கதிரவெளி. பெரியம்மாவின் மகன் கனடாவில் இருக்கிறார். விடுமுறைக்கு வந்த அவருடைய பதினொரு வயது மகள் கையில் ஒரு நிண்டெண்டோ சுவிட்ச், அதில் ‘வெண்பா’. கருவி ஒன்று, பிள்ளைகள் ஆறு பேர். ஒருத்தி ஆட, ஐந்து பேர் அவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். பின்னேரம் பற்றரியும் இறங்கிவிட்டது. “சித்தப்பா, இதைக் கடதாசியில விளையாட ஏலாதா?” என்று கேட்டாள்.

‘வெண்பா’ டொரொன்டோவின் விசை கேம்ஸ் 2023 யூலையில் வெளியிட்ட விளையாட்டு. 1988இல் தொடங்கும் கதை. தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போன வெண்பா, கணவன் பாவலன், மகன் கவின். 2024இல் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருது இதற்குத்தான் கிடைத்தது. இதில் சண்டை இல்லை, சமையல்தான். வெண்பாவின் அம்மா கொடுத்த சமையல் ஏடு கிழிந்தும் மை கலைந்தும் போயிருக்கிறது. அழிந்த படிகளை ஊகித்து இட்லியும் புட்டும் பிரியாணியும் செய்து முடிக்க வேண்டும். பிழைத்தால் தண்டனையில்லை, திரும்பத் தொடங்கலாம்.

முதல் நாள் நான் செய்தது மொக்கை வேலை. திரையில் இருந்ததை அப்படியே கடதாசிக்கு மாற்றினேன். படிகளை அட்டைகளில் எழுதிக் குலைத்துப் போட்டு, சரியான ஒழுங்கில் அடுக்கச் சொன்னேன். ஏற்கெனவே ஆடியவளுக்கு விடை தெரியும். மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்து “சரியா, பிழையா?” என்று கேட்டுக்கொண்டேயிருந்தார்கள். பத்து நிமிடத்தில் அது ஒரு வகுப்புப் பரீட்சையாகிவிட்டது.

கணினியிடம் விடை இருக்கிறது. அது அலுக்காமல், முகம் சுழிக்காமல், நூறு தரம் “இல்லை” என்று சொல்லும். அந்த வேலையை ஒரு மனிதன் செய்தால் அவன் வாத்தியாராகிவிடுவான். ஆகவே மாற்றும்போது விடையைக் கொண்டுவரக் கூடாது. கேள்வியை மட்டும் கொண்டுவர வேண்டும். ‘வெண்பா’வின் கேள்வி, அம்மா எழுதியதில் பாதி அழிந்துபோனால் மீதியை எங்கிருந்து எடுப்பாய் என்பது.

இந்தத் துறையில் நல்ல மாற்றங்கள் எல்லாம் இப்படித்தான் நடந்திருக்கின்றன. 1997இல் வந்த ‘ஃபோலவுட்’ கணினி விளையாட்டில் ‘அக்‌ஷன் பொயின்ட்’ என்பது ஒருவன் தன் முறையில் எவ்வளவு நடக்கலாம், எத்தனை தரம் சுடலாம் என்ற தனிக்கணக்கு. 2021இல் மொடிஃபியஸ் நிறுவனம் அதை மேசைக்குக் கொண்டுவந்தபோது பெயரை வைத்துக்கொண்டு வேலையை மாற்றியது. இருபது முகப் பகடை இரண்டை உருட்டி, தேவைக்கு மேல் கிடைத்த வெற்றிகளைக் குழுவின் பொதுக் கையிருப்பில் போடலாம். ஆறு வரை சேரும். அடுத்தவன் இக்கட்டில் நிற்கும்போது அதிலிருந்து எடுத்துச் செலவழிக்கலாம். கணக்குப் பார்ப்பதில் மனிதன் இயந்திரத்திடம் தோற்பான். பக்கத்தில் இருப்பவனுக்கு விட்டுக்கொடுப்பது மேசையில்தான் ருசிக்கும்.

நமக்கு இதைச் சொல்லித்தர வெளியிலிருந்து ஆள் வேண்டியதில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1964இல் ‘இராவணேசன்’ போட்டார். விடியவிடிய வட்டக்களரியில் ஆடுகிற வடமோடிக் கூத்தை மண்டப மேடைக்குக் கொண்டுவந்தபோது அவர் நேரத்தைச் சுருக்கினார், ஆட்டத்தையும் பாட்டையும் விடவில்லை. எதை விடலாம், எதை விட்டால் அது கூத்தே இல்லை என்று தெரிந்த கை அது.

இரண்டாம் நாள் எனக்குக் கூத்திலிருந்துதான் வழி கிடைத்தது. மட்டக்களப்பில் கூத்துப் பழகத் தொடங்கும்போது அண்ணாவியார் ஒவ்வொருவருக்கும் அவரவர் பாத்திரத்துக்குரிய பகுதியைக் கொடுப்பார். சட்டம் கொடுத்தல் என்பார்கள். அதேபோல ஒரு பிட்டுச் செய்முறையை எழுதி, ஆறாகக் கிழித்து, சில துண்டுகளில் தேங்காய்ப்பால் ஊற்றி எழுத்தை அழித்து, ஆளுக்கொன்று கொடுத்தேன். துண்டை மற்றவருக்குக் காட்டக் கூடாது. குடும்பத்தில் நீ யார் என்று முடிவெடுத்து, அந்த ஆளாகவே பேச வேண்டும். அழிந்த இடம் வந்தால் யார் செய்தார், எப்போது, எப்படி என்று ஒரு நினைவைச் சொல்லி நிரப்ப வேண்டும். மற்றவர்கள் ஒரேயொரு கேள்வி கேட்கலாம். பதில் சொல்லிவிட்டால் துண்டு ஏட்டில் ஒட்டப்படும்.

பகடை ஒரே ஒரு தரம், பானை அடுப்பேறிய பிறகு. ஒன்றோ இரண்டோ விழுந்தால் ஏதோ பிசகிவிட்டது. என்ன பிசகு என்பதை உருட்டியவரே சொல்ல வேண்டும். திரும்பத் தொடங்குவது கிடையாது. “பிசகினால் பிசகினதையே சாப்பிட வேணும்” என்ற விதியைச் சேர்த்தவன் பக்கத்து வளவு ஏழு வயதுப் பயல். நான் எழுதிய எல்லா விதிகளையும்விட அதுதான் நல்லது. முதல் தரம் அவனுக்கே ஒன்று விழுந்தது. மழையில் விறகு நனைந்து, புகை பிடித்த பிட்டை எல்லாரும் தின்றதாகவும், அப்பா மட்டும் “நல்லா இருக்கு” என்றதாகவும் ஒரு கதை சொன்னான். அழிந்த எழுத்தை நிரப்ப நான் வைத்திருந்த குறிப்புகளை அதோடு மடித்து வைத்துவிட்டேன்.

குசினிக்கும் விறாந்தைக்கும் போய்வந்துகொண்டிருந்த பெரியம்மா ஒட்டிய துண்டுகளைப் பார்த்துவிட்டு நின்றார். “இது குழல் பிட்டு மனே. நம்மட ஊட்ட நீத்துப்பெட்டியிலதானே அவிக்கிற.” திரையில் பார்த்த குழலைப் பிள்ளைகள் நினைவாகச் சொல்லியிருந்தார்கள். குழல் வெட்டப்பட்டு நீத்துப்பெட்டி ஏறியது. கணினியில் இந்தத் திருத்தத்துக்கு ஒரு நிரலாளர் வேண்டும். இங்கே ஒரு பென்சில் போதும்.

அடுத்த ஆட்டத்துக்குப் பெரியம்மாவும் பாயில் உட்கார்ந்தார். அவருக்கு வந்த துண்டில் மா என்ன மா என்ற இடம் அழிந்திருந்தது. வறுத்த அரிசிமா என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

“கோதம்ப மா” என்றார். 2006 கடைசியில் வாகரைப் பக்கத்துச் சனம் போரால் இடம்பெயர்ந்தது இந்தப் பிள்ளைகள் பிறக்கும் முன். “முகாமில நிவாரணத்துக்குக் குடுத்த மா. துணியில கட்டி அவிச்சு, அரிச்சு, மறுகா பிட்டு அவிச்சம். தேங்காய் ஒரு பாதி. ஏழு பேர்.”

யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. கேட்கக் கூடிய ஒரு கேள்வியைக் கனடாப் பிள்ளை கேட்டாள்.

“உப்பு இருந்ததா அப்பம்மா?”

பெரியம்மா யோசித்தார். “உப்பு இருந்திச்சு மனே.”

துண்டை ஒட்டினோம். பகடையைப் பெரியம்மாவே உருட்டினார். ஐந்து விழுந்தது.