துள்ளும் எஞ்சினா, உழைக்கும் எஞ்சினா?

மும்பையிலும் அதன் புறநகர்களிலும் குடியிருக்கும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருளன்று. காலையில் வீட்டுத் தலைவரை ரயில் நிலையத்தில் சேர்ப்பதும், பிள்ளையைப் பள்ளியில் விடுவதும், மாலையில் காய்கறிப் பையைச் சுமந்து வருவதும் அதுவே. புது வண்டியின் விலையைக் கேட்டு மலைத்துப் பழைய வண்டியை நாடுவோர் மிகுதி. அங்ஙனம் நாடும் வீட்டில் இளைஞன் ஒருவன் இருந்துவிட்டால் ஒரு வழக்குத் தொடங்கிவிடுகிறது. மகன் யமாஹா ஆர்.எக்ஸ். 100 வேண்டும் என்கிறான். தகப்பனார் ஸ்ப்ளெண்டர் போதும் என்கிறார். தாயாரோ, இரண்டும் வேண்டாம், பஸ் இருக்கிறதே என்கிறார். இவ்வழக்கில் தீர்ப்புக் கூறும் உரிமை நமக்கில்லை. ஆயினும், பணம் கைமாறுவதற்கு முன்பு இரு தரப்பாரும் அறிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

முதலில் ஒரு வியப்பைச் சொல்லிவிடுவோம். இவ்விரு வண்டிகளின் சிலிண்டர்களும் ஏறக்குறைய ஒரே அளவினவை. ஆர்.எக்ஸ். 100-இன் சிலிண்டர் 50 மில்லிமீட்டர் விட்டம் உடையது. அதனுள் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் 50 மில்லிமீட்டரே. ஸ்ப்ளெண்டரில் விட்டம் அதே 50. ஏறி இறங்கும் தூரம் மட்டும் 49.5. முன்னதன் கொள்ளளவு 98 சி.சி.; பின்னதன் கொள்ளளவு 97.2 சி.சி. அப்படியிருந்தும் யமாஹா 11 குதிரைத் திறன் தருகிறது. ஸ்ப்ளெண்டர் ஏழரையை ஒட்டியே நிற்கிறது. ஒரே அளவுப் பானையில் ஒருத்தி பாயசமும் மற்றொருத்தி கஞ்சியும் வைத்தாற்போலத்தான். கஞ்சியை இழிவாகச் சொன்னதாக எவரும் கொள்ள வேண்டாம். நாள்தோறும் பசி தீர்ப்பது அதுவே.

வேற்றுமைக்குக் காரணம் எஞ்சின் வேலை செய்யும் முறை. ஆர்.எக்ஸ். 100 டூ-ஸ்ட்ரோக் வகையைச் சேர்ந்தது. பிஸ்டன் ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்குவதற்குள் ஒரு வெடிப்பு நிகழ்ந்துவிடும். ஸ்ப்ளெண்டரில் உள்ளவை போன்ற வால்வுகள் இல்லை, சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளைப் பிஸ்டனே திறந்து மூடுகிறது. ஃபோர்-ஸ்ட்ரோக் வகையான ஸ்ப்ளெண்டரில் பிஸ்டன் இருமுறை ஏறி இருமுறை இறங்கினால்தான் ஒரு வெடிப்பு. ஆகவே முன்னது துள்ளுகிறது, பின்னது நடக்கிறது. ஆனால் துள்ளலுக்கு ஒரு விலை உண்டு. டூ-ஸ்ட்ரோக்கில் எண்ணெயும் பெட்ரோலுடன் கலந்து எரிந்து புகையாகப் போகிறது. பெட்ரோலிலும் ஒரு பகுதி எரியாமலே புகைக்குழாய் வழியே வெளியேறிவிடுகிறது. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் எண்ணெய் எஞ்சினுக்குள்ளேயே சுழன்று உழைக்கிறது.

அந்தத் துள்ளலின் இன்பத்தை மறுப்பவர் அதில் ஏறியறியாதவர். மூன்றாம் கியரில் கைப்பிடியைத் திருகியவுடன் முன்சக்கரம் இலேசாகி எழும் உணர்வும், புகைக்குழாயிலிருந்து எழும் அந்தத் தனி ஓசையும் மதுரையிலும் கோவையிலும் ஒரு தலைமுறையையே மயக்கியவை. 1985-இல் வெளிவந்த அவ்வண்டியின் உற்பத்தி 1996-இல் நின்றது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுக, அவ்வகை மோட்டார் சைக்கிள்களுக்கு இடமில்லாது போயிற்று. ஆகவே இன்று சந்தையில் நிற்கும் ஒவ்வோர் ஆர்.எக்ஸ். 100-ம் ஏறத்தாழ முப்பது ஆண்டை எட்டியது, அல்லது அதைத் தாண்டியது. புதுப் பெயிண்டும் பளபளக்கும் குரோமியமும் இவ்வுண்மையை மறைக்கின்றனவே அன்றி மாற்றுவதில்லை. அப்படியிருந்தும் நன்கு புதுப்பித்த வண்டிக்கு ஒரு லட்சத்துக்கு மேலும் கேட்கிறார்கள். சில ஆண்டுகளே ஓடிய ஸ்ப்ளெண்டரை அதில் பாதிக்கு வாங்கிவிடலாம்.

நாமறிந்த குடும்பம் ஒன்றில் நிகழ்ந்ததைக் கூறுவோம். தாயார் நான்கு ஆண்டுகள் சீட்டுக் கட்டி எடுத்த தொகை, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென வைத்திருந்தது. மூத்த மகனுக்கு ஒப்பந்த அடிப்படையில் ஆலை வேலை கிடைத்தது. காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போக வண்டி வேண்டும். ஆறு மாதச் சம்பளத்தில் திருப்பித் தந்துவிடுகிறேன் என்று சொல்லி அத்தொகையை வாங்கித் துள்ளும் வகை வண்டி ஒன்றை அவன் வாங்கினான். சொன்ன சொல்லில் பொய்யில்லை. ஆனால் மழைக்காலத்து இரண்டாம் வாரத்தில் எஞ்சின் நடுவழியில் இறுகி நின்றது. திறந்து பார்த்த மெக்கானிக், கிராங்க் பக்கத்து ஆயில் சீல் காய்ந்து வெடித்திருப்பதைக் காட்டினார். அதன் வழியே காற்று புகுந்தால் பெட்ரோலும் எண்ணெயும் உள்ளே போகும் விகிதம் குறையும். பிஸ்டன் அளவுக்கு மீறிச் சூடேறிச் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். சீலின் விலை அற்பம். அது கெடுத்த பிஸ்டனும் சிலிண்டரும் கிராங்க்கும் அற்பமல்ல. தரமான உதிரிப் பாகம் தேடியே மூன்று வாரம் ஓடிற்று. ஒப்பந்த வேலையில் வராத நாளுக்குக் கூலி இல்லை. மூன்றாம் வாரத்தில் அவனிடத்தில் வேறொருவனை வைத்துக்கொண்டார்கள். தங்கையின் கட்டணம் வட்டிக் கடனில் கட்டப்பட்டது. வண்டியைச் செய்தவர் மீது இதில் குற்றமில்லை. முப்பது வயது ரப்பர் முப்பது வயது ரப்பராகத்தான் நடந்துகொள்ளும். ஒரே வண்டியை நம்பியிருக்கும் வீட்டில் அந்த ரப்பர் துண்டுக்கு இத்தனை பேருடைய சோறு கட்டுண்டு கிடக்கலாகாது என்பதே நம் கருத்து.

இனி, தகப்பனார் கட்சியினரும் அளவுக்கு மீறி மகிழ வேண்டாம். உழைக்கும் எஞ்சின் என்ற பெயரே அதற்குச் சத்துருவாக முடிவதுண்டு. எது செய்தாலும் தாங்கும் என்று எண்ணி, ஆண்டுக்கணக்கில் எண்ணெய் மாற்றாமல் ஓட்டி, கரிய தாராக்கி விற்பவர்கள் இருக்கிறார்கள். இத்தகைய எஞ்சினில் டைமிங் செயின் கலகலக்கும். மேலுள்ள கேம் தேய்ந்திருக்கும். பேணப்பட்ட பழைய யமாஹா, பேணப்படாத ஸ்ப்ளெண்டரை விட நம்பத்தக்கது. வண்டியின் பெயரைக் கேட்பதற்கு முன் விற்பவரின் கையையும் வீட்டு வாசலையும் பார்த்தால் பாதி விவரம் விளங்கிவிடும்.

பெட்ரோல் செலவைப் பெரிதாகப் பேசுவோர் உளர். கணக்கிட்டுப் பார்ப்போம். மாதம் 520 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொள்வோம். லிட்டருக்கு 40 கிலோமீட்டர் தரும் டூ-ஸ்ட்ரோக்குக்கு 13 லிட்டர் வேண்டும். 60 தரும் ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கு ஒன்பதுக்குச் சற்றுக் குறைவாகப் போதும். லிட்டர் நூறு ரூபாய் என்றாலும் வேற்றுமை மாதம் 430 ரூபாயை ஒட்டியதே. எரிக்கும் எண்ணெய்க்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். இது ஒரு குடும்பத்தைக் கவிழ்க்கும் தொகையன்று. கவிழ்ப்பது, எதிர்பாராது நிற்கும் நாள். அன்றியும், இப்போது நாடெங்கும் 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோலே வழக்கில் வந்துவிட்டது. பழைய கார்புரேட்டர்களின் ரப்பர் வளையங்களும் குழாய்களும் அதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. ஆகவே எந்தப் பழைய வண்டியை வாங்கினாலும் அவற்றை மாற்றிவிடுவது நலம்.

பார்க்கப் போகும்போது விற்பவருக்கு முன்னறிவிப்புக் கொடுத்தாலும், எஞ்சினை நமக்காகச் சூடேற்றி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுக. போனவுடன் சிலிண்டர் மேல் கையை வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் கிளம்ப மறுக்கும் குணத்தை மறைக்கிறார்களோ என்று ஐயுறலாம். டூ-ஸ்ட்ரோக்காயின் கிக்கரைக் கையால் அழுத்திப் பார்க்க, எதிர்த்துத் தள்ளும் வலு இருக்க வேண்டும். தொடக்கத்தில் சிறிது புகை இயல்பு. ஓடிச் சூடேறிய பின்னும் வெண்புகை அடங்காதிருந்தால், கிராங்க் சீல் கெட்டுக் கியர்ப் பெட்டியின் எண்ணெய் உள்ளே இழுபடுகிறது எனக் கொள்ளலாம். சிலிண்டர் எத்தனை முறை போர் போடப்பட்டது என்பதையும் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் கால் மில்லிமீட்டர் கூடும். ஒரு மில்லிமீட்டரைத் தொட்டுவிட்டால் அந்தச் சிலிண்டரின் ஆயுள் முடியும் தறுவாயில் இருக்கிறது. ஆர்.எக்ஸ். 135-இன் பாகங்களை 100-இல் பொருத்தி விற்போரும் உண்டு. வேகம் கூடலாம், ஆனால் எஞ்சின் எண் புத்தகத்தோடு பொருந்தாது போகவும் கூடும். ஒன்றை மறக்கலாகாது: ஓட்டம் எவ்வளவு வேகமோ, நிறுத்தும் சக்தி அவ்வளவு இல்லை. இரு சக்கரங்களிலும் பழைய காலத்து டிரம் பிரேக்குகளே. பின்னால் மனைவியும் நடுவே குழந்தையும் உட்காரும் வண்டியில் இதை முதலில் எண்ண வேண்டும்.

ஸ்ப்ளெண்டராயின், கிளப்பியவுடன் ஒருமுறை நீலப்புகை வந்து அடங்கினால் வால்வு சீல். திருகத் திருக நீலப்புகை தொடர்ந்தால் பிஸ்டன் வளையங்கள். முன்னது சிறு செலவு, பின்னது பெருஞ்செலவு. எங்கும் ஓடும் வண்டியாதலால் திருட்டு வண்டிகள் கலந்துவிடுவது எளிது. சேஸிஸ் எண்ணைத் துடைத்துப் பார்த்து, அரசின் பரிவாஹன் பதிவோடு ஒப்பிட்டே தீர வேண்டும்.

காகிதங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதிவு செய்து 15 ஆண்டுகள் முடிந்த வண்டியை மறுபடி பதிந்தால்தான் ஓட்டலாம். பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதே வேலை. 2022 ஏப்ரல் முதல் மோட்டார் சைக்கிளுக்கான மறுபதிவுக் கட்டணம் 300 ரூபாயிலிருந்து 1000 ஆயிற்று. 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025-இல் 2000 ஆக உயர்த்தினார்கள். மகாராஷ்டிரத்தில் சுற்றுச்சூழல் வரி வேறு. 2019 ஏப்ரலுக்கு முன் பதிவானவற்றுக்கும் உயர் பாதுகாப்பு எண் பலகை வேண்டும். டெல்லியிலுள்ள உறவினருக்காக வாங்குவோர் இரட்டிப்பு எச்சரிக்கை கொள்க. 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகள் அங்கே ஓடலாகாது என்ற தடையை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025-இல் சில தளர்வுகள் வந்தன என்றாலும், முப்பது வயது வண்டியை அவற்றை நம்பி அனுப்புவது அறிவுடைமை ஆகாது.

மகனும் தகப்பனாரும் சமரசம் ஆவதற்கு ஒரு வழியும் இருக்கிறது. நம் ஓசூர் தொழிற்சாலையில் உருவாகும் அப்பாச்சி போன்ற 150, 160 சி.சி. ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகள் போதிய துள்ளலும் டிஸ்க் பிரேக்கும் உடையன. பாகங்கள் எந்த ஊரிலும் கிடைக்கின்றன. வீட்டில் ஏற்கெனவே உழைக்கும் வண்டி ஒன்று நிற்குமாயின், ஞாயிற்றுக்கிழமைக்கென ஓர் ஆர்.எக்ஸ். வாங்கி, கையில் ஸ்பானருடன் மகிழ்வதை நாம் தடுக்க மாட்டோம். ஆசைக்கு இடமில்லாத வீடும் வீடா?

ஊரில் மாமாவோ சித்தப்பாவோ ஓட்டிய வண்டியை இங்கே கொண்டுவர எண்ணுவோர் பலர். குணம் தெரிந்த வண்டியாதலால் இது நல்ல எண்ணமே. ரயிலில் அனுப்புவதாயின் ஆர்.சி. புத்தகத்தின் நகலும் அடையாளச் சான்றும் கையோடு வேண்டும். டாங்கிலுள்ள பெட்ரோலை ஒரு சொட்டு மீதமின்றி வடித்து, வண்டியை நன்கு சுற்றிக் கட்டி, புறப்படும் நிலையமும் சேரும் நிலையமும் எழுதிய அட்டையைப் பிணைத்த பின்னரே பார்சல் அலுவலகத்தில் ஏற்பார்கள். வடிக்காமல் வந்து வரிசையில் நின்று திரும்புவோரை வாரந்தோறும் காண்கிறோம். வண்டி இங்கே 12 மாதத்துக்கு மேல் தங்குமாயின், ஊர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஆட்சேபமின்மைச் சான்றைப் பெற்று, இங்கே வரி கட்டி, புது எண் வாங்க வேண்டும். உறவினர்தானே என்று பெயர் மாற்றாமல் ஓட்டுவது கூடாது. விபத்து நேர்ந்தால் வழக்கு ஊரிலிருக்கும் அந்த முதியவர் பெயரில் போய் நிற்கும். பெயர் மாற்றிய 14 நாட்களுக்குள் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுதிவிட வேண்டும்.