ஆர்மோனியம் வேண்டாம்... கைத்தட்டலே போதும்! வகுப்பறையில் இசை சொல்லித்தர ஏழு எளிய வழிகள்

ஆண்டு விழா நெருங்கினால் பல பள்ளிகளில் நடப்பதுதான். குழுப் பாட்டுக்கு இருபது பிள்ளைகளை வரிசையாக நிற்க வைப்பார்கள். ஒத்திகையில் ஒரு பிள்ளையின் குரல் மட்டும் விலகித் தனியாகக் கேட்கும். "நீ பின்னாடி நின்னு வாயை மட்டும் அசை, போதும்" என்று சொல்லிவிடுவார்கள். விழா நன்றாகவே நடந்து முடியும். ஆனால், 'எனக்குப் பாட்டு வராது' என்பது அந்தப் பிள்ளையின் மனதில் பதிந்துவிடும். பெரியவரான பிறகும் தாலாட்டுப் பாடக்கூட வெட்கப்படுகிறவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள்.

ஸ்வரங்களின் ஏற்ற இறக்கத்தைப் பிரித்தறியவே முடியாத குறைபாடு மிகச் சிலருக்குத்தான் உண்டு. மற்றவர்களுக்குப் பழக்கம்தான் குறைவு. பாட்டு கிளாஸுக்கு ஃபீஸ் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பழக்கம் கிடைக்கக்கூடிய ஒரே இடம் பள்ளிக்கூடம். அங்கேயோ, பாட்டு பீரியடை கணக்கு டீச்சர் கடன் வாங்கிக்கொள்வார். 'பாட்டு டீச்சர் இல்லை, வாத்தியம் இல்லை' என்று காரணமும் தயாராக இருக்கும்.

இரண்டும் இல்லாமல், நாற்பது பிள்ளைகள் உள்ள சாதாரண வகுப்பிலேயே இசை சொல்லித்தர முடியும். முறையாகச் சங்கீதம் படிக்காத ஆசிரியரும் இவற்றை முயன்று பார்க்கலாம்.

1. அட்டெண்டன்ஸைப் பாடுங்கள்

வாசலில் நின்று பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது, குரல் மேலே போய்க் கொஞ்சம் கீழே இறங்கும் இல்லையா? அதே தொனியில் ஒவ்வொரு பெயரையும் பாடுங்கள். பிள்ளை அதே தொனியில் "உள்ளேன் அம்மா" என்று திருப்பிப் பாட வேண்டும். இரண்டே ஸ்வரம்தான். நாற்பது பெயருக்கு நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகாது. ஆனால், தினமும் ஒவ்வொரு பிள்ளையும் தனியாக ஒருமுறை பாடிவிடும். யாருக்குச் சுருதி சேர்கிறது, யாருக்கு இன்னும் பழக வேண்டும் என்பது உங்களுக்கும் தெரிந்துவிடும். சரியாக வராத பிள்ளையைத் திருத்த வேண்டாம். மறுநாள் அந்தப் பெயரை இன்னும் நிதானமாகப் பாடினால் போதும்.

2. முறுக்கு, அதிரசம், வடை

தாளத்தைச் சாப்பாட்டில் இருந்து தொடங்கலாம். 'வடை' என்பதில் இரண்டு தட்டு. 'முறுக்கு' மூன்று. 'அதிரசம்' நான்கு. சொல்லிக்கொண்டே கைதட்டச் சொல்லுங்கள். பிறகு பலகாரப் பெயருக்குப் பதிலாகக் கொன்னக்கோல் சொற்களைப் போடுங்கள். வடை 'தக' ஆகும், முறுக்கு 'தகிட', அதிரசம் 'தகதிமி'.

இப்போது பலகாரங்களைச் சேர்த்துப் பாருங்கள். 'வடை முறுக்கு' ஐந்து, அதுதான் கண்டம். 'முறுக்கு அதிரசம்' ஏழு, மிஸ்ரம். 'அதிரசம் வடை முறுக்கு' ஒன்பது, சங்கீர்ணம். கர்னாடக இசையின் ஐந்து ஜாதிகளையும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை சிரித்துக்கொண்டே தட்டிவிடும். அடுத்த கட்டமாக, நான்கு பேர் கொண்ட குழுவுக்கு ஐந்து நிமிடம் கொடுத்து, சொந்தமாக ஒரு பலகாரத் தாளம் உருவாக்கச் சொல்லுங்கள். கூட்டல் கணக்கும் தானாக உள்ளே வந்துவிடும் என்பதால், கணக்கு டீச்சருக்கும் வருத்தம் இருக்காது!

3. ஸ்வரத்தைக் கையில் காட்டுங்கள்

பாட்டு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்பதைக் காதால் மட்டும் பிடிப்பது சின்னப் பிள்ளைகளுக்குக் கடினம். கண்ணுக்கும் காட்டினால் சுலபம். 19-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் கர்வன் என்பவர் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு கை அடையாளம் வைத்தார். ஹங்கேரி நாட்டு இசையமைப்பாளர் ஜோல்டான் கோடாயின் (1882-1967) கல்வி முறை வழியாக அது உலகம் முழுக்கப் பரவியது.

நம் வகுப்புக்கு இன்னும் எளிமையாக வைத்துக்கொள்ளலாம். 'ச' என்றால் கை இடுப்புக்கு நேராக, 'ப' என்றால் நெஞ்சுக்கு நேராக, மேல் 'ச' என்றால் நெற்றிக்கு நேராக. கையை நகர்த்த நகர்த்தப் பிள்ளைகள் பாட வேண்டும். ஒரு வாரத்துக்குப் பிறகு ஒரு பிள்ளையை முன்னால் அழைத்துக் கை காட்டச் சொல்லுங்கள். மொத்த வகுப்பும் தன் கைக்குக் கட்டுப்பட்டுப் பாடுவதைப் பார்க்கும்போது, கடைசி பெஞ்சு மாணவனுக்கும் உற்சாகம் வந்துவிடும்.

4. தப்பே வராத ஐந்து ஸ்வரங்கள்

1924-ல் மியூனிக் நகரில் தொடங்கப்பட்ட ஒரு பள்ளியில் இசை சொல்லிக்கொடுத்தவர் ஜெர்மன் இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப். அவருடைய முறையைப் பின்பற்றும் வகுப்புகளில், குழந்தைகளின் சைலஃபோனில் இருந்து சில கட்டைகளைக் கழற்றிவிட்டு ஐந்து ஸ்வரங்களை மட்டும் விட்டுவைப்பார்கள். அந்த ஐந்தில் எதை எதோடு சேர்த்து வாசித்தாலும் காதை உறுத்தாது. பிள்ளை பயமில்லாமல் சொந்தமாக வாசித்துப் பார்க்கலாம்.

அந்த ஐந்தும் நமக்குப் புதிதல்ல. ச, ரி, க, ப, த. நம் மோகன ராகம்தான்! பள்ளியில் சின்ன கீபோர்டு இருந்தாலோ, மொபைலில் பியானோ ஆப் இருந்தாலோ, கறுப்புக் கட்டைகளை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். மூன்று கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் இடத்தில், முதல் கட்டையை 'ச' என்று வைத்தால் மோகனம் வந்துவிடும். ஒரு பிள்ளை நான்கு ஸ்வரத்தில் 'கேள்வி' வாசிக்க, அடுத்த பிள்ளை நான்கு ஸ்வரத்தில் 'பதில்' வாசிக்கட்டும். கீபோர்டு இல்லையென்றால் பாடியே செய்யலாம்.

5. தண்ணீர் கிளாஸ் கச்சேரி

ஒரே மாதிரியான ஐந்து கண்ணாடி கிளாஸ்களில் வெவ்வேறு அளவு தண்ணீர் ஊற்றி, பென்சிலால் மெதுவாகத் தட்டுங்கள். தண்ணீர் அதிகமானால் ஒலி தடிமனாக, கீழே இறங்கும். ஜலதரங்கம் இந்த அடிப்படையில்தான் ஒலிக்கிறது. பிறகு அதே அளவில் ஒரு பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, வாய்ப்பகுதியின் மேல் ஊதச் சொல்லுங்கள். இங்கே தண்ணீர் அதிகமானால் ஒலி மேலே ஏறும்!

'ஏன் தலைகீழாக இருக்கிறது?' என்ற கேள்வியைப் பிள்ளைகளிடமே விடுங்கள். தட்டும்போது அதிர்வது கிளாஸ்; தண்ணீரின் பாரம் அதன் அதிர்வை மெதுவாக்குகிறது. ஊதும்போது அதிர்வது உள்ளே இருக்கும் காற்று. தண்ணீர் ஏற ஏறக் காற்றுக்கு இடம் குறைந்து, அதிர்வு வேகமாகிறது. அறிவியல் பாடமும் சேர்ந்தே முடிந்துவிடும். சின்ன வகுப்பில் கிளாஸ்களை ஆசிரியரே கையாள்வது நல்லது.

6. ஒரு நிமிடம் காது மட்டும்

கண்ணை மூடி ஒரு நிமிடம் கேட்கச் சொல்லுங்கள். ஃபேன், காக்கை, ஆட்டோ ஹாரன், பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடு... கேட்டதையெல்லாம் எழுதட்டும், அல்லது படமாக வரையட்டும். சுற்றுப்புற ஒலிகளைக் கவனிப்பதே இசைக் கல்வியின் முதல் படி என்று வலியுறுத்தியவர் கனடா நாட்டு இசையமைப்பாளர் ஆர்.முர்ரே ஷேஃபர்.

அடுத்து, வகுப்புக்குள் மழை வரவழையுங்கள். உள்ளங்கைகளைத் தேய்த்தால் தூறல். விரல் சொடுக்கினால் சொட்டு மழை. தொடையில் தட்டினால் பெருமழை. காலால் தரையை மிதித்தால் இடி. பிறகு அதே வரிசையைத் தலைகீழாகச் செய்து மழையை ஓய வையுங்கள். சத்தமாக வாசிப்பது, அடக்கி வாசிப்பது என்ற பாடம் இதிலேயே அடங்கிவிட்டது.

7. பாட்டியிடம் ஒரு பாட்டு

குழந்தையின் இசைக் கல்வி தாய்மொழி நாட்டுப்புறப் பாடலில் தொடங்க வேண்டும் என்பது கோடாயின் கொள்கை. கிராமம் கிராமமாகப் போய்ப் பாடல்களைச் சேகரித்தவர் அவர். நாட்டுப்புற இசையைப் பாதுகாக்கும் நல்ல நடைமுறை என்று 2016-ல் அவருடைய முறையை யுனெஸ்கோவும் அங்கீகரித்தது.

நம் பிள்ளைகளுக்கும் அந்த வீட்டுப்பாடத்தைக் கொடுக்கலாம். பாட்டி, தாத்தா, பக்கத்து வீட்டு ஆயா... யாரிடமாவது ஒரு தாலாட்டோ, கும்மிப் பாட்டோ, நடவுப் பாட்டோ கேட்டு, மொபைலில் பதிவு செய்துகொண்டு வரட்டும். வகுப்பில் எல்லோரும் கேட்டுப் பழகிப் பாடட்டும். முடிந்தால் அந்தப் பாட்டியையே ஒருநாள் வகுப்புக்கு அழையுங்கள். நோட்டில் எங்கேயும் எழுதப்படாத பாட்டு, அன்றைக்கு நாற்பது பேருக்குப் போய்ச்சேரும்.

40 நிமிடத்தை எப்படிப் பிரிப்பது?

பாடும் வருகைப் பதிவும் கேட்கும் பயிற்சியும் ஐந்து நிமிடம். தாளம் பத்து. பாட்டு பத்து. குழுவாகச் சொந்தமாக உருவாக்குவது பத்து. ஒருவர் செய்ததை மற்றவர்கள் கேட்பது ஐந்து. எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். வாரத்துக்கு ஒரு புது விஷயம் போதும்.

பக்கத்து வகுப்புக்குத் தொந்தரவாகிறதா? கையை உயர்த்தினால் உடனே மௌனம் என்ற விதியை முதல் நாளே விளையாட்டாகப் பழக்குங்கள். பெருமழையை மரத்தடியில் வைத்துக்கொள்ளலாம்.

சின்னப் பிள்ளைகளுக்கு ஐந்தாறு ஸ்வரங்களுக்குள் அடங்கும் பாட்டாகத் தேர்ந்தெடுங்கள். எட்டாத உயரத்தில் பாடச் சொன்னால் கத்தத்தான் செய்வார்கள். குரலுக்கு மார்க் போட வேண்டாம். ஜூனில் ஒரு பதிவு, மார்ச்சில் ஒரு பதிவு எடுத்துப் பிள்ளைகளுக்கே போட்டுக் காட்டுங்கள். எவ்வளவு முன்னேறியிருக்கிறோம் என்பதை அவர்களே கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். இந்த வாரம் பிள்ளை வீட்டில் பாத்திரத்தைத் தட்டினால் அதட்டுவதற்கு முன், என்ன தாளம் என்று கேளுங்கள். 'முறுக்கு அதிரசம்' என்று பதில் வந்தால், நீங்களும் ஒரு கரண்டியை எடுத்துக்கொள்ளுங்கள்!