இசைச் சொற்களும் சமூக வாழ்வும்

மேலைத்தேய இசையைப் பயிலப் புகுவோரை முதலில் தடுத்து நிறுத்துவது இசையன்று, மொழியே. இசைத்தாள்களில் அலெக்ரோ, அந்தாந்தே, பியானோ, போர்ட்டே முதலிய இத்தாலியச் சொற்கள் மலிந்து கிடக்கின்றன. ஹற்றனிலோ நுவரெலியாவிலோ தோட்டப் பாடசாலை மாணவரொருவர் இவற்றைப் பொருளறியாது மனனஞ் செய்துவிடலாம். ஆயின், இச்சொற்கள் யாருடையவை என வினவுவதே பயனுடைய கல்வியாகும்.

இவை தோற்றத்தில் கலைச்சொற்கள் அல்ல. அன்றாட வழக்குச் சொற்களே. அலெக்ரோ என்பதன் நேர்ப்பொருள் 'மகிழ்வான' என்பது. இசைஞருக்கு அது விரைவைச் சுட்டும். அந்தாந்தே 'நடக்கின்ற' என்பது. நடையின் வேகமே அதன் வேகம். கிரெஷெந்தோ 'வளர்கின்ற' என்பது. ஒலி படிப்படியாகப் பெருகுதலைக் குறிக்கும். தா காப்போ என்றால் 'தலையிலிருந்து', அஃதாவது மீண்டும் தொடக்கத்திலிருந்து வாசித்தல்.

இவ்வெளிய சொற்கள் உலக வழக்காயினமைக்கு இத்தாலிய மொழியின் இனிமையன்று, வரலாறே காரணமாகும். வணிக மூலதனம் செழித்த வெனிசு நகரில் 1501இல் பெத்ருச்சி பல்குரலிசையை அச்சிட்டு வெளியிட்டார். அங்கேயே 1597இல் காப்ரியேலி, மென்மை, வன்மை எனும் குறிப்புகளைத் தம் இசைத்தாளில் பொறித்தார். 1607இல் மாந்துவா அரசவையில் மொந்தெவெர்தியின் 'ஓர்பேயோ' இசைநாடகம் அரங்கேறியது. இயற்றியவர் அருகிலில்லாத ஊரிலும் அச்சுத்தாள் வாசிக்கப்பட்டபோது, வாய்மொழிக் கட்டளை எழுத்துக் கட்டளையாக மாற வேண்டியதாயிற்று. ஐரோப்பிய அரசவைகளில் பணிபுரிந்த இத்தாலிய இசைஞர் அச்சொற்களைப் பரப்பினர். 19ஆம் நூற்றாண்டில் தேசிய உணர்வு வலுப்பெற்ற வேளையில் சூமான் ஜெர்மன் சொற்களைக் கையாண்டமையும் இங்கு நோக்கற்பாலது.

இப்பின்னணியில் மலையகத்தின் தப்பினை நோக்குவோம். விடியற்காலையில் தொழிலாளரைப் பிரட்டுக்கு அழைத்ததும், காமன் கூத்தில் இரவெல்லாம் ஒலிப்பதும், இழவு வீட்டில் முழங்குவதும் அதுவே. சந்தர்ப்பத்துக்கேற்ப அதன் அடி வேறுபடும். தோலைத் தீயில் வாட்டிப் பதப்படுத்துவதைக் 'காய்ச்சுதல்' என்பர். 'அடி' எனுஞ் சொல் அறைதலையும், நடக்கும் பாதத்தையும், செய்யுளின் அடியையும் சுட்டுவது. நடையிலிருந்து பிறந்த அந்தாந்தே கலைச்சொல் எனின், அடி எவ்வகையிற் குறைந்தது?

குறை சொல்லில் இல்லை. உற்பத்தி உறவுகளில் உள்ளது. இத்தாலிய இசைஞனுக்கு அச்சகமும் அரசவையும் வாய்த்தன. தப்படிப்பவனுக்கோ சாதி இழிவும் கூலி வாழ்வும் வாய்த்தன. 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல்லின் திரிபாகக் கொள்ளப்படும் 'பிரட்டு' மலையக வழக்கில் நிலைத்தமையும் அதிகாரம் சொற்களை விதைக்கும் முறையினையே காட்டுகின்றது.

எனவே இத்தாலியச் சொற்களைப் புறக்கணிப்பது நம் நோக்கமன்று. அவை மனித உழைப்பின் பேறுகள், கற்கப்படல் வேண்டும். ஆனால் 'அந்தாந்தே' கற்கும் மாணவர், தம் பாட்டனாரின் 'அடி'யும் இசைச் சொல்லே என அதனோடு சேர்த்துக் கற்றல் வேண்டும். சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்தளித்தார். அப்பாடல்களுக்குத் தாளமிட்டோரின் சொற்களைத் தொகுப்பது நம் தலைமுறையின் கடனாகும்.